வேலை பார்த்துக்கொண்டே ஒரே பருவத்தில் எத்தனை ஆக்சுவரி தேர்வுகள் எழுதலாம்?

தாம்பரம் ரயில்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஆக்சுவரி, அதாவது காப்பீட்டு அபாயங்களைக் கணிதத்தால் மதிப்பிடும் நிபுணர், ஆவதற்கான தேர்வுகளை நடத்தும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் மாணவன். இதுவரை சிஎஸ்1 (புள்ளியியல்), சிபி2 (வணிகப் பொருளியல்) ஆகிய இரண்டும் தேறியிருக்கின்றன. இரண்டையும் தனித்தனிப் பருவங்களில், ஒன்றொன்றாகத்தான் எழுதினேன்.

வரும் மே மாதத்தில் சிஎம்1 (ஆக்சுவரிக் கணிதம்), சிஎஸ்2 (அபாய மாதிரிகள்), சிபி1 (வணிக நிதி) ஆகிய மூன்றுக்கும் பதிவு செய்யலாம் என்று எண்ணுகிறேன். இப்போது டிசம்பர் தொடங்கிவிட்டது. பதிவு திறப்பதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். காரணங்களை ஒளிக்காமல் சொல்கிறேன். ஃபெலோ, அதாவது முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி, ஆவதற்குப் பதின்மூன்று தேர்வுகள் என்னும்போது, பருவத்திற்கு ஒன்று என்ற வேகத்தில் ஒன்றில்கூடத் தவறாமல் போனாலும் ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. என்னுடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் ஐந்து முடித்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு தேர்ச்சிக்கும் சம்பளம் கூடுகிறது. வீட்டில் அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் “இன்னும் எத்தனை பரீட்சை இருக்கிறது?” என்று கேட்கிறார்.

வேலை பார்த்துக்கொண்டே மூன்று எழுதியவர்கள் இங்கே இருந்தால் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மலைக்கோட்டை

தம்பி, நீங்கள் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் மே மாதத்தில் நீங்கள் போய் உட்காரப்போவது ஐந்து முறை. 2019 பாடத்திட்டத்தில் சிஎம்1, சிஎஸ்2 ஆகிய இரண்டுக்கும் ‘ஏ’ என்ற நீண்ட எழுத்துத் தாளும் ‘பி’ என்ற கணினித் தாளும் இருக்கின்றன. சிஎம்1-இன் ‘பி’ தாள் எக்செல்லில்; சிஎஸ்2-இன் ‘பி’ தாள் ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில். இரண்டு தாள்களின் மதிப்பெண்களும் எழுபதுக்கு முப்பது என்ற விகிதத்தில் சேர்ந்துதான் முடிவு வருகிறது. சிஎஸ்1 எழுதியவருக்கு இது புதிதன்று. ஆனாலும் எத்தனை என்று எண்ணும்போது பலர் பாடத்தை எண்ணுகிறார்களே தவிர, தாளை எண்ணுவதில்லை.

நான் பழைய சிடி வரிசையில் படித்தவன். பாடத்திட்டம் மாறியபோது சிடி1, சிடி5 ஆகிய இரண்டும் தேறியவருக்குத்தான் இன்றைய சிஎம்1 ஈடாகக் கிடைத்தது. சிடி4, சிடி6 ஆகிய இரண்டும் தேறியவருக்குத்தான் சிஎஸ்2 கிடைத்தது. ஆகவே என் தலைமுறையின் கணக்கில், நீங்கள் கேட்பது ஒரே பருவத்தில் ஐந்து பாடங்கள். எங்கள் காலத்தில் வேலையில் இருக்கும் ஒருவர் ஐந்து பாடங்களுக்குப் பதிவு செய்யப்போகிறேன் என்று சொல்லியிருந்தால், உடன் படித்தவர்கள் அவரை உட்கார வைத்துப் பேசியிருப்பார்கள்.

முதலில் உங்களுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை எழுதிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை இருக்கிறது என்பதை எவரும் எழுதிப் பார்ப்பதில்லை. நீங்கள் மதிப்பீட்டுப் பிரிவில் இருப்பதால் மார்ச் 31-க்குப் பிறகு உங்கள் ஏப்ரல் மாதம் உங்களுடையது அல்ல என்பதை மறக்காமல் அதில் சேர்க்க வேண்டும்.

கருங்குயில்

நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். நான் மும்பையில் விலை நிர்ணயப் பிரிவில் இருக்கிறேன். என் முதல் பருவத்திலேயே சிஎஸ்1, சிபி1, சிபி2 ஆகிய மூன்றையும் எழுதி மூன்றிலும் தேறினேன். அதற்கடுத்த பருவத்தில் மூன்று எழுதி ஒன்றில் தேறினேன். ஆறு தேர்வுகளில் நான்கு என்பது, ஒவ்வொன்றாக எழுதியிருந்தால் எனக்கு நான்கு பருவங்களில் கிடைத்திருக்கக்கூடியது. இரண்டு பருவங்களிலேயே கிடைத்துவிட்டது.

இதை நிகழ்தகவாகவே பார்க்கலாம். ஒரு தேர்வில் தேறும் வாய்ப்பு பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் எழுதினால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு பாதி. மூன்று எழுதினால் மூன்றிலும் தோற்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆறு மாத உழைப்பு முழுவதும் வீணாகாமல் காக்க இதுவே நல்ல வழி. மேலும், தவறிப்போன தேர்வுக்குப் படித்தது அப்படியே காற்றில் போய்விடுவதில்லை. அடுத்த முறை பாதித் தூரத்திலிருந்து தொடங்குகிறோம்.

காவிரிக்கரை

கருங்குயில் அவர்களின் கணக்கில் ஒரு தேர்வின் முடிவு இன்னொன்றைச் சாராதது என்ற அனுமானம் இருக்கிறது. நம் தொழிலில் இருப்பவர்கள் அதைச் சோதிக்காமல் விடக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: தாழ்வான ஒரே தெருவில் நூறு வீடுகளுக்குக் காப்பீடு கொடுத்தவர் நூறு தனித்தனி அபாயங்களை ஏற்கவில்லை, ஒரே அபாயத்தை நூறு மடங்காக ஏற்றிருக்கிறார். மூன்று தேர்வுகளும் அப்படித்தான். காய்ச்சலில் ஒரு வாரம் போனால் மூன்றுக்கும் போகிறது. மதிப்பீட்டு மாதிரியில் பிழை வந்து மேலாளர் இரவு பதினொன்று வரை இருக்கச் சொன்னால் மூன்றுக்கும் அந்த இரவு இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், தேர்வுகள் கூடும்போது ஒவ்வொன்றிலும் தேறும் வாய்ப்பு அதே பாதியாக நிற்பதில்லை என்பது. விளக்கத்திற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை அளந்து பெற்றவை அல்ல. கைவசம் உள்ள நேரம் முழுவதையும் ஒன்றுக்கே கொடுத்தால் தேறும் வாய்ப்பு 0.75 என்று கொள்வோம். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 0.6, எதிர்பார்ப்பு 1.2. மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 0.25, எதிர்பார்ப்பு மறுபடியும் 0.75. அதாவது ஒன்று எழுதியவருக்குக் கிடைப்பதே மூன்று எழுதியவருக்கும் கிடைக்கிறது; கட்டணமும் களைப்பும் மட்டும் கூடுகின்றன. இந்த எண்களை ஏற்காதவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இரண்டாகப் பிரிப்பதற்கும் மூன்றாகப் பிரிப்பதற்கும் இடையில் ஓரிடத்தில் செங்குத்தான சரிவு இருக்கிறது என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஆறு பருவங்களில் பதினைந்து தேர்வுகளுக்குப் பதிவு செய்து ஐந்தில் மட்டும் தேறியவன் நான். பிறகு இரண்டு என்று குறைத்துக்கொண்டபோது, அடுத்த இரண்டு பருவங்களிலேயே நான்கும் முடிந்தன.

தவறிய தேர்வுக்குப் படித்தது வீணாவதில்லை என்பதும் ஓரளவுதான் உண்மை. எண்பது விழுக்காடு படித்தவருக்கு அது மூலதனம். முப்பது விழுக்காடு படித்துவிட்டுச் சூத்திரங்களை மட்டும் மனப்பாடம் செய்து போனவருக்கு, ஆறு மாதம் கழித்துப் புத்தகத்தைத் திறக்கும்போது ஏற்கெனவே படித்தது போன்ற ஒரு மயக்கம் மட்டுமே மிஞ்சுகிறது. அந்த மயக்கத்தினால்தான் நிதிக் கணிதப் பாடமான சிஎம்2-இல் மூன்று முறை தவறினேன். பிளாக்–ஷோல்ஸ் என்ற விலைச் சூத்திரம் எனக்குத் தெரியும் என்றே ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியைக் கடந்து போனேன்.

கருங்குயில்

சார்பின்மை பற்றிய கருத்தை ஏற்கிறேன். என் முதல் பருவத்தில் இரண்டு சிபி பாடங்கள் இருந்தன, நான் வணிகவியல் படித்துவிட்டு வந்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் பருவத்தின் மூன்றும் கணக்குப் பாடங்கள். அங்கேதான் இரண்டு போயின.

வைகறை

இந்த இழையில் எல்லோரும் பருவத்திற்கு எத்தனை என்று ஒரே எண்ணைத் தேடுகிறீர்கள். மே மாதத்திற்கும் நவம்பருக்கும் ஏன் ஒரே எண் இருக்க வேண்டும்?

நான் ஊழியர் நலன்களுக்கான ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். நிறுவனங்கள் ஊழியர்களுக்குப் பணிக்கொடையாகத் தர வேண்டிய தொகையை ஏஎஸ் 15 அல்லது இந்த் ஏஎஸ் 19 என்ற கணக்கியல் தரநிலைப்படி கணித்துக் கொடுப்பது எங்கள் வேலை. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் கணக்காண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லோருக்கும் அறிக்கை உடனே வேண்டும். தணிக்கையாளர்கள் எங்கள் தலைமீது நிற்கிறார்கள். மே மாதத்தில் இரண்டு எழுதிய முதல் ஆண்டில், தேர்வுக்கு முந்தைய இரவு வரை ஊழியர் பட்டியலில் இருந்த பிறந்த தேதிப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டிலும் தவறினேன். அதன் பிறகு மே மாதத்தில் ஒன்று, அதுவும் சிபி2 போலக் கணக்கு குறைந்த ஒன்று. நவம்பரில் இரண்டு கனமான பாடங்கள் என்று வகுத்துக்கொண்டேன். ஆண்டுக்கு மூன்று என்ற இந்த வேகம் எனக்குப் பொருந்துகிறது.

ஆகவே, எங்கே வேலை என்பதைக் கேட்காமல் எத்தனை எழுதலாம் என்று சொல்லக்கூடாது என்பது என் கருத்து. பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்துகொண்டு பிரிட்டன் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கு ஆண்டு முடிவு டிசம்பர் 31. அவருக்கு ஜனவரியும் பிப்ரவரியும் கடினம். ஏப்ரல் ஓரளவு ஓய்வு. மறுகாப்பீட்டில் இருப்பவருக்கு இந்திய ஒப்பந்தங்கள் ஏப்ரல் 1-இல் புதுப்பிக்கப்படுவதால் மார்ச் முழுவதும் போய்விடும். ஆனால் அதற்குப் பிறகு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பொதுக் காப்பீட்டில் இருப்பு ஒதுக்கீட்டைக் கணிப்பவருக்குக் காலாண்டுதோறும் ஒரு சிறு புயல். பக்கத்து மேசைக்காரர் மூன்று எழுதினார் என்பதைவிட, அவர் எந்தப் பிரிவில் இருந்துகொண்டு எழுதினார் என்பதே முக்கியம்.

வெள்ளவத்தை

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பெரும்பாலும் பிரிட்டன் ஆக்சுவரிகள் நிறுவனத்தின் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறோம். அவை ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் வருகின்றன. இங்கே காப்புறுதி நிறுவனங்களின் நிதியாண்டு டிசம்பரில் முடிவதால், வைகறை சொன்ன பிரிட்டன் அட்டவணையே எங்களுக்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அலுவலகம், மார்ச்சில் படிப்பு, ஏப்ரலில் பரீட்சை. புத்தாண்டும் அதே ஏப்ரலில்தான். யாழ்ப்பாணத்துக்கு வீட்டுக்குப் போகாத சித்திரைகள் எனக்கு நான்கு.

நான் ஒரு முறை மட்டும் மூன்று பாடங்களுக்குத் தோற்றினேன்; ஒன்றில் சித்தியடைந்தேன். முடிவைவிட அதற்குப் பிந்திய மாதங்களே எனக்குப் பெரிய விடயமாக இருந்தன. அடுத்த செப்டெம்பருக்கு என்னால் ஒரு பாடத்தைக்கூடத் தொட முடியவில்லை. மூன்று எழுதி ஒன்று, அடுத்து சுழியம் என்று பார்த்தால், ஓர் ஆண்டுக்கு ஒன்று. அந்தப் பருவம் எத்தனை என்று மட்டும் எண்ணாமல், அதற்கடுத்த பருவத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

செம்பருத்தி

ஒன்றொன்றாகப் போனவள் என்ற முறையில் நானும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு பருவத்திற்கு ஒன்று என்று முடிவு செய்தேன். வேறு வழி இருக்கவில்லை. காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரைதான் என் நேரம். ஒன்றுக்கு மட்டும் படித்ததால் பெரும்பாலும் தேறிக்கொண்டே வந்தேன். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. சிஎம்1 முடித்துப் பல ஆண்டுகள் கழித்து ஆயுள் காப்பீட்டுச் சிறப்புப் பாடமான எஸ்பி2-க்கு வந்தபோது, லாபச் சோதனையின் நுணுக்கங்கள் கை நழுவியிருந்தன. நீண்ட இடைவெளியில் படித்தால் முன்னே படித்ததை மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த மணி நேரங்களை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொன்று: ஒரே தேர்வை எழுதும் பருவத்தில் தவறினால் ஆறு மாதத்திற்குக் கையில் எதுவுமே இல்லை. அந்த ஆறு மாதத்தை நான் ஒரு முறை கடந்திருக்கிறேன். சிபி1 தேர்வில் அது நடந்தது. எல்லோரும் எளிது என்று சொல்லும் தேர்வு.

தம்பிக்குப் பொறுப்புகள் இன்னும் குறைவாக இருக்கும் காலம் இது. ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அதற்காக மூன்று என்றும் சொல்ல மாட்டேன்.

தாம்பரம் ரயில்

அனைவருக்கும் நன்றி. மலைக்கோட்டை ஐயா சொன்னபடி நேற்று இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கணக்கை இங்கே வைக்கிறேன்; பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

வேலை நாளில் ஒன்றரை மணி நேரம், வார இறுதியில் நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் வாரத்திற்குப் பதினேழரை மணி வருகிறது. ஆனால் சிஎஸ்1-க்குப் படித்தபோது தேதி போட்டுக் குறித்து வைத்த பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மையில் வாரத்திற்குப் பதினான்கைத் தாண்டியதில்லை. திருமணங்கள், பொங்கல், தலைவலி எல்லாம் அதில் அடங்கும். டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை பதினைந்து வாரம். 210 மணி நேரம். அதன் பிறகு ஏப்ரல் இறுதி வரையான ஆறு வாரங்களுக்கு, சென்ற ஆண்டின் அனுபவப்படி வாரத்திற்கு ஐந்து மணி, 30. படிப்பு விடுப்பு எட்டு நாள் கிடைக்கும் என்று வைத்தால், நாளுக்கு எட்டு மணியாக 64. மொத்தம் 304.

சிஎஸ்1-க்கு எனக்கு 215 மணி நேரம் பிடித்தது. அதை அளவாகக் கொண்டு சிஎம்1-க்கு 220, சிஎஸ்2-க்கு 230, சிபி1-க்கு 90 என்று மதிப்பிட்டால் மூன்றுக்கும் 540. எழுதிப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று என்பது முடிந்துபோன பேச்சு.

இனி என் கேள்வி, எந்த இரண்டு என்பதுதான். சிஎம்1-உம் சிஎஸ்2-உம் சேர்ந்தால் 450. அதுவும் இயலாது என்று கணக்கு சொல்கிறது. ஆனால் இரண்டிலும் பல்நிலை மார்க்கோவ் மாதிரி (ஒருவர் உடல்நலம், நோய், இறப்பு போன்ற நிலைகளுக்கிடையே மாறுவதைக் காட்டுவது) வருகிறது. இறப்பு விசையும், அதாவது கணத்துக்குக் கணம் உள்ள இறப்பு விகிதமும், இரண்டிலும் வருகிறது. பொதுவான பகுதிகளால் நேரம் மிச்சமாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சிஎம்1-உம் சிபி1-உம் என்றால் 310, ஏறக்குறையப் பொருந்துகிறது.

மலைக்கோட்டை

நோட்டை எடுத்துப் பார்த்தீர்களே, அதுவே இந்த இழையில் இதுவரை நடந்த மிக நல்ல காரியம். வட அமெரிக்க மாணவர்களிடையே தேர்வின் ஒரு மணி நேரத்துக்கு நூறு மணி நேரப் படிப்பு என்றொரு வழக்கு இருக்கிறது. அது ஊருக்கெல்லாம் பொதுவான அளவுகோல். உங்கள் 215 உங்களுக்கே உரியது, அதை நம்புங்கள்.

பொதுப் பகுதிகளைப் பற்றி. சிஎஸ்2 எதைக் கேட்கிறது என்று பாருங்கள்: மார்க்கோவ் சங்கிலிகள், மார்க்கோவ் தாவல் செயல்முறைகள், காலத்தொடர், கப்லான்–மேயர் மதிப்பீடு, காக்ஸ் மாதிரி, இறப்பு விகிதங்களைச் சீர்செய்தல், எதிர்கால இறப்பு விகிதத்துக்கு லீ–கார்ட்டர் முறை, இழப்புப் பரவல்கள், கோப்புலா, எந்திரக் கற்றல். சிஎம்1 கேட்பது: பணப்பாய்வுகள், வட்டிக் கோட்பாடு, ஆண்டுத்தொகைகள், பிரீமியம், ரிசர்வ் எனப்படும் பொறுப்புக்கான ஒதுக்கீடு, இணைந்த இரு உயிர்களுக்கான காப்பீடு, லாபச் சோதனை. நீங்கள் சொல்லும் பொதுப் பகுதி இந்த இரண்டு பட்டியல்களின் ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொள்கிறது. அதுவும் ஒன்றில் மாறுநிலை விகிதத்தைத் தரவிலிருந்து மதிப்பிடுகிறோம். மற்றதில் அதைக் கொடுத்துவிட்டுப் பணத்தின் மதிப்பைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை மிச்சமாவது இருபது மணி நேரம். இரண்டும் கைவேகம் கேட்கும் பாடங்கள் என்பதால் வேறொரு நஷ்டமும் உண்டு. ஒன்றில் வேகம் பிடித்துக்கொண்டு வரும்போது மற்றதற்கு மாறினால், திரும்ப வரும்போது விரல் மறந்திருக்கிறது.

சிபி1 வேறு வகை. கணக்கறிக்கைகள், விகிதங்கள், மூலதனத் திரட்டல், வரி போன்றவை வாசிப்பும் சிறு கணக்குகளும். கடினமான பாடத்தில் மூளை களைத்த இரவில் இதை எடுக்கலாம். இணை தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: ஒன்று மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியது, மற்றது ரயிலில் படிக்கக்கூடியது. உங்கள் பெயரிலேயே ரயில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து தினம் போய்வருபவர் என்றால், சிபி1-இன் பாதியை அங்கேயே முடிக்கலாம்.

பின்னாளில் இந்த விதி மாறும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். எஸ்பி7, எஸ்பி8 போல ஒரே துறையின் இரு முகங்களாக இருப்பவற்றைச் சேர்த்து எழுதுவதில் உண்மையான லாபம் இருக்கிறது. பொதுக் காப்பீட்டின் பின்னணிப் பகுதிகள் இரண்டுக்கும் ஒன்று. சிபி1-ஐயும் சிபி2-ஐயும் முடித்துவிட்டுப் பிற்பாடு மைய நடைமுறைத் தேர்வுகளுக்கு வரும்போது, ஆயுள் காப்பீட்டில் வேலை செய்பவர் எஸ்பி2-ஐ அவற்றில் ஒன்றுடன் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆயுள் காப்பீட்டின் மேல்நிலைத் தேர்வான எஸ்ஏ2-ஐத் தனியாகத்தான் எழுத வேண்டும் என்பேன். அங்கே பாடத்தைவிடத் தீர்ப்பளிக்கும் பழக்கத்தைச் சோதிக்கிறார்கள். அது இன்னொன்றின் இடைவெளியில் வளர்வதில்லை.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பகலில் அலுவலகத்தில் இந்திய ஆயுள் காப்பீட்டு இறப்பு அட்டவணை 2012–14-ஐ வைத்து ரிசர்வ் கணக்கிடுகிறீர்கள். ஆகவே சிஎம்1 உங்கள் வேலைதானே என்று தோன்றும். வேலையில் மென்பொருள் கணிக்கிறது. தேர்வில் ஏஎம்92 என்ற இறப்பு அட்டவணையைப் புரட்டி நீங்கள்தான் கணிக்க வேண்டும். மதிப்பீட்டுப் பிரிவில் இருப்பவர்கள் சிஎம்1-இல் தவறுவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். 220-இலிருந்து ஒரு மணி நேரத்தைக்கூட அதற்காகக் குறைக்காதீர்கள்.

காவிரிக்கரை

ஒன்று சேர்க்கிறேன். 304-க்கு 310 என்பது பொருந்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் அபாயத்துக்கான ஒதுக்கீடே இல்லை. ரிசர்வ் கணக்கிடுபவர் தன் வாழ்க்கைக்குப் பாதக விலகல் இடைவெளி, அதாவது கணக்கு தவறினால் தாங்கும் கூடுதல், வைக்காமல் இருக்கலாமா? பிப்ரவரி கடைசி ஞாயிறு என்று ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று சிஎம்1-இல் ரிசர்வ் அத்தியாயங்கள் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் சிபி1-ஐ அன்றே விட்டுவிட வேண்டும். கட்டணம் கட்டிவிட்டோம் என்பது ஏப்ரலில் காரணமாகக்கூடாது. அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. என் பதினைந்தில் குறைந்தது மூன்று தேர்வுகளைக் கட்டியதற்காகவே போய் எழுதினேன். அந்த நாட்களில் மற்றத் தேர்வுக்குப் படித்திருக்கலாம்.

தாம்பரம் ரயில்

சிஎம்1, சிபி1 என்று முடிவு செய்திருக்கிறேன். பிப்ரவரி கடைசி ஞாயிற்றை நாட்காட்டியில் குறித்தாயிற்று. மேலாளரிடமும் பேசினேன். படிப்பு விடுப்பைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாக எடுக்காமல், ஏப்ரலில் இரண்டு வெள்ளிக்கிழமைகளாகவும் மீதியைத் தேர்வை ஒட்டியும் பிரித்துக் கேட்டேன். ஆண்டு முடிவு அறிக்கை நிறுவனத்தின் பொறுப்பு ஆக்சுவரியான நியமன ஆக்சுவரியிடம் போகும் நாளைத் தவிர எதுவும் சரி என்றார். முன்கூட்டியே கேட்டதால் இசைந்தார் என்று நினைக்கிறேன். சென்ற ஆண்டு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கேட்டபோது இரண்டே நாள்தான் கிடைத்தது.

செம்பருத்தி

அம்மாவிடம் பதின்மூன்று என்று சொல்லாதீர்கள். இந்த ஆண்டு இரண்டு என்று மட்டும் சொல்லுங்கள். என் வீட்டில் அது உதவியது.

தாம்பரம் ரயில்

முடிவுகள் வந்துவிட்டன, உதவிய அனைவருக்கும் சொல்ல வேண்டியது என் கடமை. சிஎம்1-இல் தேறிவிட்டேன். சிபி1-இல் சில மதிப்பெண்களில் தவறிவிட்டேன்.

எங்கே போயிற்று என்று தெரியும். பிப்ரவரி கடைசி ஞாயிறு அன்று ரிசர்வ் அத்தியாயங்கள் முடிந்திருந்தன. ஆகவே சிபி1-ஐ விடவில்லை. ஆனால் ஏப்ரலில் முப்பது மணி நேரம் என்று போட்டிருந்தது பதினொன்றாகச் சுருங்கியது. நோட்டில் இருக்கிறது. அந்தக் குறைவு முழுவதையும் சிபி1-இன் மேல் ஏற்றினேன், சிஎம்1-ஐத் தொடவில்லை. கடைசியில் ஒருங்கிணைந்த கணக்கறிக்கைக் கேள்வியை முடிக்க நேரம் போதவில்லை. இரண்டையும் சரிசமமாகக் குறைத்திருந்தால் இரண்டுமே போயிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நவம்பருக்கு சிஎஸ்2-உம் மீதமுள்ள சிபி1-உம் எழுத விரும்புகிறேன். சிஎஸ்2-க்கு 230, சிபி1-க்கு இன்னும் 40 என்று போட்டிருக்கிறேன். செப்டம்பர் அரையாண்டு முடிவும் தீபாவளியும் இடையில் வருகின்றன. இரண்டு வாரத்தைச் சுழியமாகவே வைத்திருக்கிறேன். ஏப்ரலில் நடந்தது போலக் குறையாமல் இருக்க, அக்டோபருக்கும் வாரத்துக்கு மூன்று மணிதான் போட்டிருக்கிறேன். அப்படியும் 285 வருகிறது.

மலைக்கோட்டை

வாழ்த்துகள், தம்பி. 285-க்கு 270. இந்த முறை இடைவெளி இருக்கிறது; எழுதுங்கள். சிபி1-ஐ அக்டோபருக்குத் தள்ளாமல் ஆகஸ்டுக்குள் முடித்து வைத்துவிடுங்கள். சிஎஸ்2-இன் ‘பி’ தாளுக்கு ஆர் மொழியில் வாரம் ஒரு மணி நேரம் இப்போதே ஒதுக்குங்கள். அது கடைசி வாரத்தில் வருவதில்லை.